பொறுப்பாகாது

மாமாவுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுத்தது நான்தான். செங்கல்பட்டு, காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29ஆம் தேதி. அதற்கு அடுத்த மாதம், ஏதோ சான்றிதழ் விஷயமாக அவர் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் மகள் வாங்கிக்கொடுத்த புதுப் போன். அவர் அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். வலை விழுகிற விதத்தைப் பார்த்தே நீரோட்டம் வன்னியா தெண்டியா என்று சொல்லிவிடுகிற மனிதர், அந்தப் போனை உயிருள்ள நண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"இன்னாமோ கேக்குது மாப்ள."

"சரின்னு அமுக்குங்க மாமா."

"இன்னா கேக்குதுன்னு பாக்க வேணாமா?"

"அது அப்படித்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். எது வந்தாலும் சரின்னு அமுக்கிட்டே போங்க. இல்லன்னா வேல நடக்காது."

அன்று நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் கொஞ்ச காலமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இணையதளங்கள் செய்துகொண்டிருந்தேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில். ஓர் அலுவலகத்துக்காக நாங்கள் செய்த தளத்தைச் சோதித்தவர்கள் ஒரு குறைப்பட்டியல் அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: 'வெளி இணைப்புகளுக்கு எச்சரிக்கை இல்லை.' அரை மணி நேர வேலை. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சுட்டியின் முகவரியையும் பார். நம் தளத்தின் பெயர் அதில் இல்லாவிட்டால் நிறுத்தி ஒரு பெட்டியைக் காட்டு. சரி என்றால் போக விடு. நாலைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட். பெட்டிக்குள் போட வேண்டிய வாக்கியத்தைக்கூட நான் யோசிக்கவில்லை. எங்கோ இருந்ததை எடுத்துத் தமிழில் எழுதினேன். 'நீங்கள் வெளி இணையதளம் ஒன்றுக்குச் செல்கிறீர்கள். அதன் உள்ளடக்கத்துக்கு இத்தளம் பொறுப்பாகாது.' பட்டியலில் அந்த வரிக்கு நேரே ஒரு டிக் விழுந்தது. சம்பளம் வந்தது.

பெட்டி வந்த பிறகு அந்தத் தளத்தை நானே பயன்படுத்திப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது. நம் தளத்தின் பெயர் இல்லாத எதுவும் அதற்கு அந்நியம். பக்கத்து அரசுத் துறையின் தளத்துக்குப் போனாலும் அதே பெட்டி, வரைபடம் பார்க்கப் போனாலும் அதே பெட்டி. நாலாவது முறை வந்தபோது நான் படிக்கவே இல்லை. பெட்டி முழுதாகத் திறப்பதற்குள் விரல் அமுக்கிவிட்டது. எழுதியவனே படிக்காத எச்சரிக்கை அது. அதையும் அன்று ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஐப்பசியில் மாமாவுக்கு வாட்ஸாப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர்தான், கடலூர்ப் பக்கத்துச் சொந்தம். அவருடைய போன் ஏற்கெனவே வேறு யார் கைக்கோ போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வந்தது படமில்லை, ஏபிகே கோப்பு. அதாவது, கடைக்கு வெளியிலிருந்து நேராகப் போனில் ஏறுகிற ஒரு செயலி. மாமா தொட்டார். இந்த மூலத்திலிருந்து செயலிகளை நிறுவுவது ஆபத்தாக இருக்கலாம் என்று போன் ஒரு பெட்டி காட்டியது. சரி. நிறுவவா என்று இன்னொரு பெட்டி. சரி. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கவா என்று மூன்றாவது. சரி. பத்திரிகை திறக்கவில்லை. 'நெட் இல்ல போல' என்று போனை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.

விடிவதற்குள் வங்கிக் கணக்கிலிருந்து மூன்று தவணையாக 94,000 ரூபாய் போயிருந்தது. ஓடிபி வந்த செய்திகளை அவருக்கு முன்னால் அந்தச் செயலி படித்திருக்கிறது. இன்ஜின் மாற்றுவதற்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. 1930 எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு என்றார்கள். நாங்கள் சொன்னது ஆறேழு மணி நேரம் கழித்து.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா என்னைத் திட்டவில்லை. குழப்பத்தோடுதான் கேட்டார்.

"நீதான மாப்ள சொன்ன, பொட்டி வந்தா சரின்னு அமுக்கச் சொல்லி?"

பதில் சொல்ல முடியவில்லை. போன் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருந்தது. மூன்று முறை எச்சரித்திருக்கிறது. மூன்றும் உண்மையான எச்சரிக்கைகள். ஆனால் அதற்கு முன்னால் நாலைந்து வருஷமாக ஆயிரக்கணக்கான பொய்ப் பெட்டிகள் அவர் விரலைப் பழக்கியிருந்தன. அதில் ஒன்றிரண்டு என் கையால் எழுதியவையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நான் எந்த விதிக்காகப் பெட்டி வைத்தேனோ அந்த விதியைப் படித்தேன். தேசியத் தகவலியல் மையம் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2009இல் கொண்டுவந்தது. 2018இலும் 2023இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. ஒரு சுட்டி அரசு சாராத தளத்துக்கு இட்டுச் சென்றால், அது பயனருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அது கேட்பது. வழியை மறித்து ஒரு பெட்டி வை என்று அந்த வரி சொல்லவில்லை. சுட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி போதும். விக்கிப்பீடியா அதைத்தான் செய்கிறது: வெளிச் சுட்டி என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான்.

விதிக்குப் பின்னால் நல்ல காரணமும் இருக்கிறது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகத் தளத்தைக் கேட்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் புதிய சன்னல் திறந்துவிட்டால், எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னால் போகும் பொத்தானும் வேலை செய்யாது. அதனால் முன்கூட்டிச் சொல் என்கிறார்கள். பயனரின் வசதிக்காக வந்த அந்த எண்ணம் என்னைப் போன்றவர்கள் கையில் வந்ததும் தளத்தின் வசதிக்கானதாக மாறிவிட்டது. 'நீ எங்கே போகிறாய்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதினேன்.

எச்சரிக்கைகளை யாருமே படிப்பதில்லை, மக்கள் அப்படித்தான் என்று கணினித் துறையில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. 2013இல் தேவதத்த அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் காட்டப்பட்ட 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். தீய நிரல் இருக்கிறது என்று ஃபயர்பாக்ஸ் எச்சரித்தபோது, அதை மீறிப் போனவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் குரோமின் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கையைப் பத்தில் ஏழு முறை தாண்டிப் போயிருக்கிறார்கள். சான்றிதழ் எச்சரிக்கை ஒன்றுமில்லாததற்கெல்லாம் வரும். தீய நிரல் எச்சரிக்கை அபூர்வமாக வரும், வந்தால் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். மக்கள் எச்சரிக்கையை மதிக்கத்தான் செய்கிறார்கள். எது வீணாகக் கத்துகிறது என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இது மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் குப்பத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்பாடே கிடையாது. கடல் உள்வாங்கியதைப் பார்த்து நின்றவர்களைத்தான் அலை முதலில் அடித்தது. மாமாவின் கட்டுமரமும் வலைகளும் போயின. உயிர் மிஞ்சியது. பிறகு 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்ததும் குப்பமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி ஓடியது. பெரிய அலை எதுவும் வரவில்லை. கடலடித் தரை மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது.

"வரலன்னு கோவமில்லியா மாமா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? எட்டு வருசத்துல ஒருவாட்டிதான ஓடச் சொன்னான். தெனம் ஓடச் சொன்னா எவன் ஓடுவான்?"

வானிலை மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கையையும் அவர் கவனமாகக் கேட்பார். எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், என்ன செய்யக் கூடாது என்று அதில் எல்லாம் இருக்கும். மன்னார் வளைகுடா என்றால் அவர் கவலைப்பட மாட்டார். வட தமிழகக் கடலோரம் என்றால் எழுந்து போய்ப் படகைப் பார்ப்பார். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. முந்தின நாளே அவர் படகு மேட்டில் ஏறியிருந்தது. மூன்று பெட்டிகளைப் படிக்காமல் தாண்டியவரும் அவர்தான். என் பெட்டியில் இடமில்லை, தேதியில்லை, வேகமில்லை, என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

புகார் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மாமல்லபுரம் குன்றின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில்தான் ஒரு காலத்தில் இங்கே கலங்கரை விளக்கம். பிறகு பக்கத்திலேயே கல்லால் ஒரு கோபுரம் கட்டினார்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் மின்னும் கணக்கு வேறு வேறு. எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்று எண்ணினால், இது எந்த ஊர் என்று கடலில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அது எந்தக் கப்பலையும் நிறுத்துவதில்லை, சரி என்று சொல்லச் சொல்வதும் இல்லை. 'இது மாமல்லபுரம், இங்கே பாறை இருக்கிறது' என்பதோடு சரி. போவதும் திரும்புவதும் மாலுமியின் பாடு. ஒரு சுட்டி செய்ய வேண்டியதும் அதுதான் என்று தோன்றியது: எங்கே போகிறது என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பது.

பழைய நிறுவனத்தில் இன்னும் வேலை செய்யும் நண்பனைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுட்டிக்கும் பக்கத்தில் போகிற தளத்தின் பெயரைப் போட முடியுமா என்று கேட்டேன். "பட்டியல்ல டிக் இருக்குடா. எடுத்தா மறுபடி குறைன்னு எழுதுவாங்க. யாரு பதில் சொல்றது?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே டிக்குக்காகத்தான் நானும் அதை வைத்தேன்.

மாமாவிடம் மட்டும் பழைய பாடத்தை மாற்றிச் சொன்னேன். "இனிமே எந்தப் பெட்டி வந்தாலும் அமுக்காதீங்க. எனக்குப் போன் பண்ணிப் படிச்சுக் காட்டுங்க." அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பேட்டரி குறைவு என்று வந்தாலும் அழைப்பு வரும். கரையில் இருந்துகொண்டு பக்கத்தில் யார் போனிலிருந்தாவது கூப்பிட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பார். பின்னால் அலைச் சத்தம் கேட்கும். ஒரு நாளைக்கு நாலு முறையாவது நடக்கும். அலுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

போன மாதம் ஒரு மதியம் கூப்பிட்டார்.

"படிக்கிறேன் கேளு. நீங்கள்... வெளி... இணைய... தளம்... ஒன்றுக்குச்... செல்கிறீர்கள்."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அந்த 'ஒன்றுக்கு' நான் சேர்த்தது. நிறுத்தி நிறுத்தி அவர் முழுவதையும் படித்து முடித்தார். இவ்வளவு பொறுமையாக அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

"பொறுப்பாகாதுன்னு போட்டுக்கீது. அப்ப யாரு மாப்ள பொறுப்பு?"

"நான்தான் மாமா" என்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"சரி அப்ப. அமுக்கட்டா?"

"மேல முகவரி தெரியுதா? அதப் படிங்க மொதல்ல."

ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார்.