பனிக்குப் போகுமுன் ஒரு படிவம்

புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள். அப்படிக் காய்ந்த ஒரு நாளில், பனியனோடு திண்ணையில் உட்கார்ந்து, கம்பளிக் காலுறை ஆளுக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நண்பர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வீட்டம்மாவோட ஊட்டிக்கா?" என்றார். "இல்ல சார், கிரெனோபிளுக்கு. பனியில விளையாடப் போறோம்" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான்.

நண்பர்களே, என் தலைமுறையில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது புரியும். 'நெழ்' என்ற சொல்லை, அதாவது பனியை, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதக் கற்றோம். டிக்டேஷனில் பனி பெய்யும், பைன் மரம் வெள்ளையாகும், பிள்ளைகள் சறுக்கு வண்டியில் சறுக்குவார்கள். ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தில் காக்கை கத்தும். நாங்கள் கண்ணால் கண்ட ஒரே பனி, பெரிய மார்க்கெட்டில் மீனுக்கு மேலே போடும் ஐஸ்தான். ஒரு பையன் எழுந்து, பனி அந்த மாதிரியா இருக்கும் என்று வாத்தியாரிடம் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "இல்லை, அரிசி மாவு மாதிரி இருக்கும்" என்றார். அவரும் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

1968 பிப்ரவரியில் கிரெனோபிளில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ழான்-கிளோத் கில்லி மூன்று தங்கம் வாங்கினார். பள்ளி நூலகத்துக்குப் படப் பத்திரிகை பல வாரம் கழித்துத்தான் வந்து சேரும். அதில் கில்லியை விட என்னைக் கவர்ந்தது வேறொரு படம். காட்டுக்கு நடுவே, ஒல்லியான நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு ஒருவர் தனியாகப் போய்க்கொண்டிருப்பார். அந்தத் தொலைதூரப் பனிநடைப் போட்டிகள் நடந்த இடம் வெர்கோர் மலையில் இருக்கும் ஓத்ரான் என்ற ஊர். எனக்கு அப்போது பதினாறு வயது.

பிறகு அரசு வேலை. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த எழுத்தன் என்பதால் பிறப்பு, இறப்பு, நிலம் என்று மற்றவர்களின் தாள்களோடு முப்பத்து மூன்று வருடம் போயிற்று. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும் வாய்ப்பு வந்தபோது என் அப்பா கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். அதனால்தான் என் மகள் இன்று கிரெனோபிளில் குடியிருக்கிறாள், நான் விசாவுக்கு வரிசையில் நிற்கிறேன்.

இந்த வருடம் மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, பிப்ரவரியில பையனுக்கு ரெண்டு வாரம் லீவு. ஓத்ரான்ல ஒரு வீடு எடுக்கறோம். நீயும் அம்மாவும் வரணும்." ஓத்ரான் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பக்கம் என்பதால் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாள்.

நான் கோப்பு ஒன்று தொடங்கினேன். பழக்கம் விடுமா? போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று அதிலிருந்து சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரம். ஓத்ரான் சுமார் 1,050 மீட்டர். ஊட்டியில் பாதிகூட இல்லை. ஆகவே மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் உயரம் குறைவு என்பதால் பனி நிச்சயமில்லை. பக்கத்து மலைத்தொடரில் 'கோல் த போர்த்' என்ற இடத்தில் 1960 முதல் பனியின் ஆழத்தை அளந்து வருகிறார்கள். முதல் முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் சராசரி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. என் இடுப்பளவு பனி முழங்காலுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பனி இல்லாவிட்டால் காட்டில் நடை என்று மாற்றுத் திட்டமும் வேண்டும்.

இரண்டாவது தேதி. பிரான்ஸை மூன்று மண்டலமாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விடுகிறார்கள். எல்லாரும் ஒரே வாரத்தில் மலையேறக் கூடாது என்பதற்காக. இருந்தாலும் வீடுகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடுகின்றன.

மூன்றாவது உடை. உடம்போடு ஒட்டும் முதல் உடை பருத்தியாக இருக்கக் கூடாதாம். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், பிறகு உடம்பு சில்லிட்டுப் போகும். பஞ்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, நடுவில் சூடு காக்கும் ஒன்று, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. மூன்று அடுக்கு. என் மனைவி வாங்கி வைத்திருந்த குரங்குக் குல்லாய்க்கு மட்டும் மகள் தடை சொல்லவில்லை.

நான்காவது கார். அந்த மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். அது மாப்பிள்ளையின் துறை.

ஐந்தாவது விளையாட்டு. மலைச் சரிவில் வேகமாகச் சறுக்குவது இளைஞர்களுக்கு. காட்டுக்குள் சமதளத்தில் நடப்பது போலச் சறுக்கிப் போவதைத்தான் ஓத்ரானில் அதிகம் பழகுகிறார்கள். பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சை சுலபம், கறுப்பு கடினம். பலகைக்காக இயந்திரம் போட்ட தடத்தில் கால்நடையாகப் போவது மரியாதை இல்லை. பலகை வேண்டாம் என்றால் ராகெத் என்ற அகலமான பனிச் செருப்பு வாடகைக்குக் கிடைக்கும்.

நான் பச்சைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் என்று எழுதி அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பேரனுக்கு ஒன்பது வயது. "தாத்தா, நான் உனக்கு லெசோன் தரேன்" என்று போனில் சொல்லியிருந்தான்.

ஆறாவதாக வந்தது காப்பீடு.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பனிப் பாதையில் விழுந்து அடிபட்டால் கீழே கொண்டுவரும் செலவை நம்மிடமே வசூலிக்கலாம் என்பதால் கூடுதலாகவும் ஒன்று எடுக்கலாம் என்றாள் மகள். அங்கே அவள் கணினியில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே எங்களிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண். பிறகு, "அப்பா, ஏற்கெனவே ஏதாவது நோய், ஆபரேஷன்? ஒண்ணும் இல்லன்னு போட்டுடறேன்" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இரண்டரை வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகளுக்கு அப்போது இரண்டாவது பிரசவம் ஆகிப் பன்னிரண்டு நாள். சொன்னால் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாள். "அப்புறமா சொல்லிக்கலாம்" என்று முடிவெடுத்தோம். அந்த அப்புறம் வரவே இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் வீடியோவில் பேசும்போது தோள்வலி என்று சொன்னேன். அதற்கு அவள் தைலம் அனுப்பி வைத்தாள்.

"இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படிவம் முடிந்துவிடும். ஆனால் முப்பத்து மூன்று வருடம் நான் செய்த வேலை என்ன? காலியாக விட்ட கட்டத்துக்கும் பொய் எழுதிய கட்டத்துக்கும் எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! இருக்கும் நோயை மறைத்தால் காப்பீட்டுக்காரர் பணம் தர மாட்டார். அங்கே எனக்கு ஏதாவது ஆனால் செலவு முழுவதும் மகள் தலையில்தான் விழும். அவளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மறைத்தேன். அந்த மறைப்பே அவளுக்குப் பாரமாகப் போகிறது என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

"இரும்மா, அப்படிப் போடாத" என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தோள்வலின்னு சொன்னியே, அதுவா?" என்றாள். "ஆமா" என்றேன். "என் பிரசவத்துக்கு அம்மா வரலயேன்னு நான் எவ்ளோ நாள் கோவமா இருந்தேன் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

இது எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு முட்டிவலி, வர முடியாது என்று நாங்கள் சொன்னதை அவள் நம்பியிருப்பாள் என்று நினைத்திருந்தோம். நம்பவில்லை. அம்மாவுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதன் விலையை இரண்டரை வருடமாகக் கொடுத்தவள் என் மனைவி. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

நான்கு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, கார்டியாலஜிஸ்டைப் பாத்து எழுதி வாங்கி அனுப்புங்க. வீட்டை இன்னும் கான்சல் பண்ணல" என்றார். நல்ல மனிதர், வேறொன்றும் பேசவில்லை.

மருத்துவரிடம் போனேன். டிரெட்மில்லில் ஓட வைத்தார். அந்த உயரம் பரவாயில்லை என்றார். பலகை கூடாது, பார்க்கச் சுலபமாக இருந்தாலும் கை, கால் எல்லாம் உழைக்கும் விளையாட்டு, இதயத்துக்குக் கடும் வேலை. குளிர்காற்றில் ரத்தக் குழாய் சுருங்கும், ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் மூடி, சாப்பிட்டவுடன் கிளம்பாமல், சமதளத்தில் மெதுவாக அரை மணி நேரம் நடக்கலாம். மாத்திரைகள் கைப்பையில், சீட்டோடு. நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், யாரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தாளை அனுப்பிய இரவு மகளே கூப்பிட்டாள். முதலில் அம்மாவிடம்தான் பேச வேண்டும் என்றாள். என் மனைவி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

காப்பீடு கொஞ்சம் அதிக விலையில், உண்மையை எழுதியே எடுத்தாயிற்று. கோப்பில் ஐந்தாவது பத்தியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். பச்சைப் பாதை ஒரு கிலோமீட்டர் என்பது ராகெத்தோடு அரை மணி நடை என்று ஆயிற்று. பேரனிடம் நானே சொன்னேன், தாத்தாவுக்கு நெஞ்சில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, உன் லெசோனுக்கு வர முடியாது என்று. அவன் கொஞ்சம் யோசித்தான். "பரவால்ல தாத்தா. நீ லூழ்ல உக்காரு. நான் இழுக்கறேன்" என்றான். லூழ் என்பது அந்தச் சறுக்கு வண்டிதான். டிக்டேஷனில் நான் பிழையில்லாமல் எழுதிய அதே சொல்.

பிப்ரவரியில் பனி இருக்குமோ இருக்காதோ, தெரியாது. போய் வந்து எழுதுகிறேன். அதுவரை, உங்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தால், அவர்களிடம் சொல்லாமல் வைத்திருக்கும் தோள்வலி, முட்டிவலி எதுவானாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடுங்கள்.