இரத்தத்தில் ஓர் எண்



ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் பலர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, இந்தத் தடவை நம்பர் என்ன வந்தது?" என்று கேட்கிறீர்கள். அன்பினால் கேட்கிறீர்கள் என்பதை அறிவேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. பெருங்குடல் புற்றுநோய்க்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கப்படும் சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் இதுவரை 2-ஐ ஒட்டியே இருந்த அளவு, இம்முறை 4.6 ஆகியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இயல்பு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எனவே எல்லைக்குள்தான் இருக்கிறேன். ஆனால் எண் ஏறியிருக்கிறது. நான்கு வாரம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்றார் மருத்துவர்.

இந்த சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். 1965-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்னும் இருவர் இதைக் கண்டறிந்தார்கள். பெருங்குடல் கட்டியையும், அதே நோயாளியின் நோயற்ற குடற்பகுதியையும் அருகருகே வைத்து ஆராய்ந்தபோது, கட்டியில் மிகுதியாக இருந்த ஒரு பொருள் அவர்கள் கண்ணில் பட்டது. அதே பொருளைத் தாயின் கருவில் வளரும் சிசுவின் குடலிலும் கண்டார்கள். கருவில் நம்மை உருவாக்கும் நாட்களில் தாராளமாகச் சுரந்து, பிறந்தபின் பெரும்பாலும் அடங்கிவிடுவது அது. பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோய் அதை மீண்டும் எழுப்புகிறது. தாயின் கர்ப்பத்தில் தேவன் நம்மை உருவாக்குவதைப் பற்றிப் பாடும் சங்கீதத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த மறைவிடத்து வேலையின் ஒரு சுவடு ஆய்வுக்கூட அறிக்கையில் எண்ணாக வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

ஆரம்பத்தில், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. கல்லீரல் நோயிலும் குடல் அழற்சியிலும்கூட இது உயரும். புகைபிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்தச் சாக்கு எனக்கில்லை. புற்றுநோய் இருந்தும் இது உயராதவர்கள் உண்டு. ஆகவே நோயைக் கண்டுபிடிக்க இதை நம்பக் கூடாது. கண்டுபிடித்து அறுத்து எடுத்தபின் காவல் இருப்பதற்கே இது பயன்படுகிறது. கட்டி முழுவதும் நீங்கியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் இது இறங்கிவிடும். பிறகு தொடர்ந்து ஏறினால், ஸ்கேன் எடுத்துத் தேடுவார்கள். நோய் கல்லீரலில் சிறிய அளவில் திரும்பியிருக்கையில் பிடிபட்டு, அதையும் அறுத்து நீக்கி, நெடுநாள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டியின் சதைத்துண்டிலும் சில புரதங்களைத் தேடுகிறார்கள். மரபணுவில் ஏற்படும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் அவை. அவற்றில் ஒன்று காணப்படாவிட்டால் அது கெட்ட செய்தி என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் இரண்டாம் நிலையில் கண்டறியப்படும் பெருங்குடல் புற்றுநோயில், இக்குறைபாடு உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்றார் மருத்துவர். அதே குறைபாடு சிலருக்குப் பரம்பரையாக வருவதால், பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்கச் சொல்வார்களாம். எனக்கு நான்கும் இருந்தன. என் மகளை எண்ணி அன்றைக்குத் தேவனைத் துதித்தேன்.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? உயர்ந்த அளவுள்ள ஆயிரம் பேரையும் தாழ்ந்த அளவுள்ள ஆயிரம் பேரையும் ஒப்பிட்டால், எந்தக் கூட்டத்தில் அதிகம் பேர் பிழைத்திருப்பார்கள் என்று சொல்கின்றன. அந்தக் கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லும்படி மருத்துவரை நெருக்குவது நியாயமன்று. போதகரை நெருக்குவதும் அப்படியே.

இராஜா எசேக்கியாவை நினைத்துப்பாருங்கள். மரண வியாதியில் சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுதவருக்கு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. தன் எஞ்சிய காலத்தின் அளவை அறிந்து வாழ்ந்த மனிதர் அவர். அந்த வாக்குறுதி கிடைத்த கையோடு, ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் கட்டச் செய்தார் என்பதை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். வாக்குத்தத்தம் இருக்கும்போது மருந்து எதற்கு என்று அந்த அறையில் ஒருவரும் கேட்டதாக எழுதப்படவில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். மறுபரிசோதனையில் எண் இறங்கினால் அதை ஜெபத்தின் வெற்றியாகச் சாட்சி சொல்ல வேண்டாம். இறங்கியதைச் சாட்சியாக்கினால், ஏறியதை என்னவென்று சொல்வோம்? இதே சபையில் எண் ஏறிய நிலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரிக்கு அந்தச் சாட்சி எப்படிக் கேட்கும்? அவளுடைய ஜெபம் என்னுடையதைவிடக் குறைந்ததன்று. எனக்காக ஜெபியுங்கள்; சுகத்திற்காகவே ஜெபியுங்கள், நானும் அதையே கேட்கிறேன். ஆனால் ஆய்வுக்கூட அறிக்கையை விசுவாசத்தின் மதிப்பெண் பட்டியலாக்காதீர்கள்.

என் செய்தி கேட்டுப் பயந்து, சிலர் ஆய்வுக்கூடங்களின் பேக்கேஜில் சி.இ.ஏ. பார்த்துவிட்டு, இயல்பு என்று வந்ததும் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. மலத்தில் இரத்தம் காண்கிறவர், மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கிறவர், மருத்துவரிடம்தான் போக வேண்டும். கொலோனோஸ்கோபி தேவையா என்பதை அவர் சொல்வார். வெட்கப்பட்டு மூலம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

உங்களில் ஒருவர் ஐந்து மாதங்களாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இதை வாசிப்பார். சகோதரரே, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் இரத்தம் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டு வழியாகத்தான் போவேன்; தயாராக இருந்தால் சேர்ந்தே போகலாம்.