தடித்த கையுறையும் மாற்றுக் கருவியும்

கடலினடியிற் செல்வார்க்கு மூச்சே முதற்பொருள்; அம்மூச்சைக் காப்பது கருவி; அக்கருவியை இயக்குவது கை. இம்மூன்றனுள் கையைப் பற்றிச் சிந்திப்பார் சிலரே. 1943-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கடற்படை அதிகாரியாகிய ழாக் கூஸ்தோ என்பவரும், எமில் கான்யான் என்னும் எஞ்சினீயரும் சேர்ந்து, மூச்சிழுக்குந்தோறும் வேண்டுமளவு காற்றைத் தரும் கருவியொன்றை அமைத்தனர். இன்று ஸ்கூபா என வழங்கும் முறை அதனாற் பெரிதும் பரவியது. அக்கருவி பழுதுபடின் உயிர்க்கு இடராம் ஆதலின், மூழ்குவோர் இரண்டாவது மூச்சுக்கருவி, இரண்டாவது விளக்கு, இரண்டாவது முகமூடி என மாற்றுக் கருவிகளையும் உடன்கொண்டு செல்வர். வெப்பக் கடல்களில் இவற்றை எடுத்தாளுதல் எளிது. குளிர்நீரில், தடித்த கையுறை பூண்ட கையினால் எடுத்தாளுதலோ தனியே பயிலவேண்டியதொரு கலை. அதனைக் குறித்து யாம் பயின்றறிந்த சிலவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலே லாக் பைன் என்னும் கடற்கழி ஒன்றுண்டு. அந்நாட்டுக் கடற்கழிகளுள் நீளத்தால் முதன்மையானது அதுவே. குளிர்காலத்தில் அதன் நீர் ஏறக்குறைய 7 டிகிரி சென்டிகிரேடு அளவிற்குக் குளிர்ந்திருக்கும். மலையோடைகள் கொணரும் பழுப்பு நீர் மேலே பரந்து நிற்றலால், நண்பகலிலும் கீழே இருள் சூழ்ந்திருக்கும். நீரோ காற்றினும் ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் இயல்பினது. ஆதலின் அங்கு மூழ்குவோர், உட்புகாது நீரைத் தடுக்கும் உலர் உடை பூண்டு, கம்பளி உறையின்மேல் ரப்பர் உறையுமாகக் கைகளை மூடிக்கொள்வர். அவ்வாறு மூடிய கை, கை என்பதனினும் கரண்டி என்பதற்கே ஒக்கும். சிறு கொக்கி அதற்கு அகப்படாது. குழாய் எது, வார் எது என்று அது பிரித்தறியாது.

மெல்லிய கையுறை அணியின் இவ்விடர் நீங்குமன்றோ எனச் சிலர் வினவுவர். நீங்கும்; ஆயினும் முதற் சில நிமிடங்களுக்கு மட்டுமே. பின்னர்க் குளிர் விரல்களிற் புகுந்து உணர்ச்சியைக் கவர்ந்துவிடும். மரத்த விரல் கையுறையின்றியும் கையுறை பூண்டதே. நீரினடியில் நெடுநேரம் இருந்து உடல் தளர்ந்த வேளையிலும் ஆபத்து நேரக்கூடும். அப்பொழுது வலிமையோடு மூடத்தக்க கையே வேண்டும். ஆதலின் கருவிக்கேற்பக் கையுறையை மெலிவித்தல் முறையன்று. கையுறைக்கேற்பக் கருவியை அமைத்தலே முறை என்பது எம் துணிபு.

குளிர்நீர் கைக்கு மட்டுமன்றிக் கருவிக்கும் பகையாம். உருளையில் மிக்க அழுத்தத்தோடு அடைக்கப்பட்ட காற்று வெளிப்பட்டு விரியுங்கால் கடுங்குளிர்ச்சி உண்டாகின்றது. சுற்றியுள்ள நீரும் குளிர்ந்திருப்பின், மூச்சுக்கருவியின் உள்ளே பனிக்கட்டி படிந்து, அதன் வாயில் மூடாது நின்றுவிடக்கூடும். அப்பொழுது காற்று தடையின்றிப் பீறிட்டுச் சில நிமிடங்களில் உருளை முழுதும் ஒழிந்துபோம். எனவே, மாற்றுக் கருவி மிகுதியும் வேண்டப்படும் நீரே கை மிகுதியும் குன்றும் நீராகவும் இருக்கின்றது. இதுவே இவ்விஷயத்தின் முடிச்சு.

இம்முடிச்சை அவிழ்த்தற்கு மூன்று விதிகளைக் கொள்ளலாம். முதலாவது, காணாமலே எட்டுதல் வேண்டும். இரண்டாவது மூச்சுக்கருவியை ரப்பர் கயிற்றினாற் கழுத்திற் கட்டி மோவாயின்கீழ்த் தொங்கவிடின், தலையைக் குனிந்து வாயினாலேயே பற்றலாம், கையே வேண்டுவதில்லை. இரண்டாவது, விரல் உணராமலே பற்றுதல் வேண்டும். கொக்கிகள் பெரியனவாதல் நன்று; பையின் பல்லிணைப்பிற்கு விரல் நுழையும் கயிற்று வளையம் கட்டுதல் நன்று; மாற்று முகமூடியைத் தொடைப் பையில் ஒரு கொக்கியிற் பிணைத்து வைப்பின் கைதவறினும் மூழ்கிப்போகாது. மூன்றாவது, ஒரு கையினாலேயே முடித்தல் வேண்டும். மற்றைக் கை தோழரையோ கயிற்றையோ பற்றியிருக்குமன்றோ? மாற்று விளக்கு மார்பு வாரிலே நின்றபடியே, தலையைத் திருகின அளவில் எரிவதாயிருத்தல் சாலும். கத்தி காலிற் கட்டப்படாது, இரு கையும் எட்டும் இடைவாரில் இருத்தல் தகும். இவ்விதிகட்கு அடங்காத கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் வெறுஞ் சுமையே.

ஒரு பிப்ரவரி மாதத்தில் அக்கழியிலே 21 மீட்டர் ஆழத்தில் யாமும் தோழர் ஒருவரும் சென்றுகொண்டிருந்தோம். திடீரென்று அவரது மூச்சுக்கருவி உறைந்து காற்றைப் பீறிடத் தொடங்கிற்று. குமிழிகளின் முழக்கத்தில் அவர் முகமும் மறைந்தது. யாம் எம் வாயிலிருந்த நீண்ட குழாய்க் கருவியை அவர்பால் நீட்டித் தலைகுனிந்து, கழுத்திற் கிடந்ததைப் பல்லாற் பற்றினோம். இடக்கை அவர் தோள்வாரைப் பிடித்திருந்தது. எம் பெரிய விளக்கோ வலக்கையினின்று நழுவிக் கயிற்றிலே தொங்கி ஆழத்தை நோக்கி எரிந்தது. வலக்கை தானே மார்பிற்குச் சென்று சிறு விளக்கைத் திருகிற்று. அவ்வொளியில் அவர் கண்களைக் கண்டோம். அவர் மூச்சு விடுவதையுங் கண்டோம். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் தங்கி, மேலே வந்தோம். கரையேறிய பின் அவர் ஒன்றும் பேசவில்லை. எம் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். இருவர் கையுறையும் கழற்றப்படாமலே இருந்தன.

அன்று அக்கை செய்ததில் வியப்பொன்றுமில்லை. வீட்டிலே அதே கையுறையைப் பூண்டு, கண்களை மூடி, அச்செய்கைகளை அது பன்முறை செய்திருந்தது. பின்னர் ஆழமில்லாத நீரில், உடல் நன்கு குளிர்ந்த பின்னரும் செய்திருந்தது. ஆபத்து வேளையில் அறிவு புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதரிது. பழகியதையே கை செய்யும்.

மாணவ நண்பர்களே, மத்தேயு எழுதின சுவிசேஷத்திற் கூறப்படும் பத்துக் கன்னியரின் உவமையை நீவிர் பலகாற் கேட்டிருப்பீர். புத்தியுள்ள ஐவர் தத்தம் தீவட்டிகளோடு எண்ணெயையும் கொண்டுசென்றனர். எண்ணெய் கொண்டுசெல்லுதல் அறிவின் முற்பாதி. நள்ளிரவில், துயிலினின்று விழித்த கையினால், சிந்தாமல் அதனை வார்க்கத் தெரிதல் அதன் பிற்பாதியாம். கற்ற கல்வியும், சேர்த்த பொருளும், செய்த ஜெபமும் நமக்கு மாற்றுக் கருவிகளே. அவை பையினடியிற் கிடப்பதாற் பயனில்லை. கை மரத்த நாளிலும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அந்நாள் வருமுன் பழகிக்கொள்ளுதல் நம் கடனாம்.