நாக்கு சொன்ன பொய்

"ராமநாதபுரத்துக்காரனுக்கு மிளகாயெல்லாம் ஜுஜுபி சார்!"

போன மாசி மாதம் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் நான் விட்ட சவடால் இது. பக்கத்து ஸீட் நண்பர் அஸ்ஸாம் டூர் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தார். சுருங்கிப் போன சிவப்பு வஸ்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். பூத் ஜோலோக்கியா. 2007-ல் உலகத்திலேயே காரமானது என்று கின்னஸ் அங்கீகரித்த மிளகாய்.

"நகக்கண் அளவு போதும்" என்றார். நான் பாதியைக் கடித்தேன்.

அப்புறம் நடந்ததைக் கேட்காதீர்கள். காதில் புகை. அரைக் குடம் தண்ணீர் குடித்தும் பிரயோஜனமில்லை. காரத்துக்குக் காரணமான காப்ஸைசின் தண்ணீரில் சுலபமாகக் கரையாதாம். கான்டீன் அண்ணன் கொடுத்த தயிர்தான் காப்பாற்றியது.

இதில் வேடிக்கை, நாக்கில் எதுவுமே வேகவில்லை. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் அலறுகிற ஓர் உணர்வி நம் நரம்புகளில் இருக்கிறது. காப்ஸைசின் அதைத் தட்டிவிட, 'தீ! தீ!' என்று மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதில்லை. கிளி பாட்டுக்குப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிட்டுப் போகும். (கிளிக்குப் பந்தயமும் கட்டத் தெரியாது.)

இன்னொன்று, மிளகாய் நம்மூர்ச் சரக்கே இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகு, போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் இங்கே வந்தது. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு மிளகு. அதைப் போல உறைத்த காய், மிளகாய்! இதைச் சொன்னால் எங்கப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். முதுகுளத்தூர் பக்கம் வானம் பார்த்த பூமியில் குண்டு மிளகாய் போடுகிறவர். அந்த ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்.

சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன், இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கலாமென்று.

"மழை ஊத்திருச்சுப்பா" என்றார். "காயப்போட்ட பழம் பூராவும் களத்துல கெடந்துச்சு. தார்ப்பாய் பத்தல."

"காரம் போயிருமாப்பா?"

"காரம் எங்க போகுது? நெறம் போயிருச்சு. ஏவாரி நெறத்தைப் பாத்துத்தான வெலை சொல்லுவான்."

காரத்தைப் பற்றி அத்தனை படித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. பழம் பறிக்கக் கூலிக்குப் பணம் கேட்டு அவர் பொங்கலுக்கே சொல்லியிருந்தார். 'அடுத்த சம்பளத்துல பார்க்கலாம்ப்பா' என்று இரண்டு சம்பளம் ஓட்டிவிட்டேன். ஆள் விட்டுச் சீக்கிரம் பறித்திருந்தால் மழைக்கு முன்னாலேயே காய்ந்து மூட்டைக்குள் போயிருக்கும். அதை அவர் சொல்லவில்லை.

"விதைக்கு மட்டும் நல்ல பழமா உங்கம்மா பொறுக்கி வெச்சுட்டா" என்றார்.

"நாளைக்கே பணம் அனுப்பறேன்ப்பா."

"சரி... என்னப்பா கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"மத்தியானம் ஒரு மிளகாயைக் கடிச்சுட்டேன்ப்பா."

"மொளகாக்காரன் மகனுக்கா?" என்று சிரித்தார்.