கடைசி வரிசை யாருக்கு?

மோட்டார் வண்டியைப் பற்றிய கட்டுரை என்றதும், "இது வீட்டுக்காரர் படிக்க வேண்டிய பக்கம்" என்று சொல்லித் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டியை வாங்குகிறவர் அவராக இருக்கலாம். அதன் கடைசி வரிசையில், மடியில் ஒரு குழந்தையும் காலடியில் கட்டுச்சோற்று மூட்டையுமாகக் குலுங்கிக்கொண்டு போகிறவர்கள் நாம்தானே? ஆகவே இது நம்முடைய விஷயம்தான்.

கொங்கு நாட்டில் நாம் எங்கேயாவது இருவர் மூவராகப் புறப்படுவது உண்டா? குலதெய்வம் கோயிலானாலும் சரி, பழநியானாலும் சரி, பங்காளி வீட்டுக் கலியாணமானாலும் சரி, மாமனார், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, குழந்தைகள் என்று எட்டுப் பேராவது சேர்ந்துவிடுகிறோம். அதனால்தானோ என்னவோ, கோவை அவிநாசி சாலையில் கால் மணி நேரம் நின்றால், இன்னோவா வண்டிகளை எண்ணியே விரல் ஓய்ந்துவிடுகிறது. பெண் எடுக்கும்போது மூன்று தலைமுறை விசாரிக்கிறோமே, இந்த வண்டியின் குடும்பத்தையும் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமா?

தகப்பன் வீடு ஜப்பான் நாட்டு டொயோட்டா கம்பெனி. ஆனால் பிறந்த ஊர் இந்தோனேசியா. 1977-ல் அங்கே 'கிஜாங்' என்ற பெயரில் பிறந்தது. கிஜாங் என்றால் அந்த நாட்டு மொழியில் மான் என்று அர்த்தம். பெயர்தான் மான், உருவமோ தகரப் பெட்டி! முன் மூடி முதலை வாயைப் பிளப்பதுபோல் திறந்ததால், ஊரார் அதற்கு 'முதலைக் கிஜாங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சரக்கு ஏற்ற வந்த வண்டிக்கு, நம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்களே, அதுபோல் பாடி கட்டி, குடும்பம் போகும் வண்டியாக்கிக் கொண்டார்கள் அங்கே.

1986-ல் வந்த மூன்றாம் தலைமுறைக் கிஜாங்தான், பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகி, 2000-ல் 'குவாலிஸ்' என்ற பெயருடன் நமக்கு வந்து சேர்ந்தது. பிறந்த ஊரிலோ அதற்குள் நான்காம் தலைமுறை ஓடிக்கொண்டிருந்தது. அக்காள் உடுத்திய சேலை தங்கைக்கு வந்த கதைதான்! ஆனாலும் நல்ல உழைப்பாளி. பின்சக்கரத்துக்கு மேலே, நம் பழைய வில்வண்டியில் இருந்ததே, அதே ஜாதிப் பட்டை வில். பாரம் தாங்க அது நல்லது. சக்கரத்துக்கு அருகில் உட்கார்ந்தவரின் இடுப்பைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் சொல்லும்.

2005-ல் இன்னோவா வந்தது. பின்பக்கத்துப் பட்டை வில் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. நடு வரிசையில் இரண்டு தனித்தனி ஆசனங்கள் வைத்த மாதிரியும் வந்தது. 2016-ல் அதன் அடுத்த தலைமுறையான கிரிஸ்டா, இன்னும் பெரிய உடம்பும் பளபளப்புமாக வந்தது. ஆனால் இவை எல்லாமே ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த வண்டிகள். ஆகவே உள்ளே ஏற முழங்காலை நன்றாகத் தூக்க வேண்டும்.

2022-ல் அறிமுகமான ஹைகிராஸில்தான் அந்த ஏணிச் சட்டம் மறைந்தது. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால், பின்சக்கரத்துக்கு ஓடும் நீண்ட இரும்புத் தண்டும் மறைந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 2,750 மில்லிமீட்டரிலிருந்து 2,850 ஆயிற்று; ஏறக்குறைய நான்கு அங்குலம் அதிகம். பெட்ரோல் எஞ்சினுக்குத் துணையாக மின்சார மோட்டார் சேர்ந்த மாதிரியும் உண்டு. விலை உயர்ந்த மாதிரியிலோ, நடு ஆசனத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளத் தாங்கு பலகைகூட வைத்துவிட்டார்கள்!

எல்லாம் பிரமாதம்தான். ஆனால் 1977-லிருந்து 2022 வரை நாற்பத்தைந்து வருஷம் ஓடியும், கடைசி வரிசைக்குப் போக நடு ஆசனத்தை நகர்த்திவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது.

எங்கள் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. வருஷா வருஷம் காங்கயத்துக்கு அப்பால் உள்ள குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம். இரண்டு வருஷம் தொடர்ந்து அவர் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க அம்மிணி, நான் வீட்டைப் பாத்துக்கறேன். சாமி இங்கேயும்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். என்ன பக்குவம் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஓர் இரவு நான் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மெள்ளச் சொன்னார்: "பின்னாடி ஏற முடியலே அம்மிணி. முன்னாடி உட்காருன்னு யாரும் சொல்லலே."

முன் ஆசனம் எப்போதும் மாமாவுக்கு. அடுத்த தடவை, "அம்மா முன்னாலே உட்காரட்டும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும், மாமா ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேசாமல் நடு வரிசைக்குப் போனார். காலேஜில் படிக்கும் என் பையன், முழங்கால் தாடையைத் தொடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தான். அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அத்தையோ வழி நெடுகப் பேச்சு ஓயவில்லை. பல்லடத்தில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் இளநீர் வாங்கச் சொல்லி உத்தரவு போட்டதும் அவர்தான்!

ஆகவே, வண்டி வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கட்டும். நீங்கள் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். கால் வைக்க இடம் இருக்கிறதா, தலை இடிக்கிறதா, குளிர்காற்று அங்கே எட்டுகிறதா, மூவருக்கும் பெல்ட் உண்டா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, கட்டுச்சோறு கட்டுவதற்கு முன்பே யார் எங்கே உட்காருவது என்று பேசி வையுங்கள். முட்டி வலிக்கிறவருக்கு முன் ஆசனம். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் தாங்காதவருக்கு நடு வரிசை ஜன்னல். வாலிபப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை.

ஆசனத்தை மாற்றி அமைக்கக் கம்பெனிக்கு வருஷக்கணக்கில் ஆகும். ஆளை மாற்றி உட்கார வைக்க நமக்கு ஒரு நிமிஷம் போதாதா?