வாயிலேயே தொடங்கிவிடும் செரிமானம்

கணையம் கைவிட்ட நாய்க்கு என்சைம் பொடி எழுதிக்கொடுக்க அரை நிமிடம் போதும். அதைச் சோற்றில் எப்படிக் கலப்பது, கலந்த பிறகு எதைக் கவனிப்பது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படாமல் இருப்பது என்று சொல்லிமுடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பது காதில் விழும். விழட்டும். இந்த மருந்தால் வரும் தொந்தரவுகளில் முக்கால்வாசியை அடுப்படியிலேயே தீர்த்துவிடலாம் என்பது என் அனுபவம். அதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினால், நாய் பத்து நாளில் திரும்பி வரும், இன்னும் மெலிந்து.

எங்கள் பக்கத்தில் இன்றும் அல்சேஷன் என்றே சொல்லப்படும் ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம்தான் இந்த நோயை அதிகம் பார்க்கிறேன். செரிமான நீர் சுரக்கும் கணையச் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது. ஷெப்பர்டுகளில் இதற்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு என்பதை ஃபின்லாந்துக் கால்நடை மருத்துவர் எலியாஸ் வெஸ்டர்மார்க் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டின. சுரக்கும் திறனில் 90 சதவீதத்துக்கு மேல் போன பிறகுதான் வெளியே தெரியும். அகோரப் பசி, ஆனால் விலா எலும்பை எண்ணலாம். மலம் சாணிபோலக் குவியும், வெளிறிப்போய், எண்ணெய்ப் பசையோடு. வயிறு கடமுடவென்று உருளும். பசி தாங்காமல் தன் மலத்தையே தின்னும் நாயைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கூசிப்போவார்கள். "இவனுக்கு என்ன குறை வச்சோம் டாக்டர்?" என்று அழுதவர்கள் உண்டு.

நோயை உறுதி செய்ய, 8 முதல் 12 மணி நேரம் பட்டினி போட்டு எடுத்த ரத்தத்தில் டி.எல்.ஐ. அளவை, அதாவது கணையத்திலிருந்து ரத்தத்தில் கசியும் டிரிப்சின் வகைப் பொருளின் அளவைப் பார்க்கிறோம். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. டேவிட் வில்லியம்ஸும் ரோஜர் பாட்டும் 1988-இல் இந்தச் சோதனையின் நம்பகத்தன்மையை நிலைநாட்டினார்கள். அதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள், எக்ஸ்ரே ஃபிலிம் துண்டில் மலக் கரைசலை ஊற்றி, மேலே பூசியிருக்கும் ஜெலட்டின் கரைகிறதா என்று பார்த்தார்கள். சமயோசிதமான வேலைதான், ஆனால் நம்பக்கூடாத சோதனை.

இனி பொடிக்கு வருகிறேன். பன்றியின் கணையத்தை உலர்த்திச் செய்தது அது. வழக்கமான தொடக்க அளவு, 10 கிலோ எடைக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுடனும். புரதத்தை, மாவை, கொழுப்பை உடைக்கும் மூன்று வகை என்சைம்களும் அதில் உண்டு. இதில் கொழுப்பை உடைக்கும் லைபேஸின் பெரும்பகுதியை இரைப்பை அமிலம் சிதைத்துவிடும். அதனால்தான் இத்தனை அதிகமாகக் கொட்ட வேண்டியிருக்கிறது. தொந்தரவும் அங்கேதான் பிறக்கிறது.

பொடிக்கு நாயின் வாய் எது, வாயில் இருக்கும் கறி எது என்று தெரியாது. ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். கடா கறி வேகாது என்று பப்பாளிக்காயை அரைத்துப் பூசி வைப்போமே, அந்தக் காரியத்தை இது நாயின் உதட்டிலும் ஈறிலும் செய்யும். பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள மடிப்பில் பொடி ஒட்டிக்கொண்டால் அந்த இடம் முதலில் சிவக்கும், பிறகு தோல் உரிந்து புண்ணாகும், ரத்தம் கசியும். 2002-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் ரட்ஸ், ஸ்டைனர், வில்லியம்ஸ் மூவரும் இதைப் பதிவு செய்தார்கள்: என்சைம் தரப்பட்ட 25 நாய்களில் 3 நாய்களுக்கு வாயில் ரத்தக்கசிவு. மூன்றிலும் அளவைக் குறைத்ததும் ரத்தம் நின்றது. குறைத்த அளவிலேயே நோயும் கட்டுக்குள் இருந்தது. இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம். தொடக்க அளவு என்பது தொடங்குவதற்கான அளவு. ஆயுள் முழுக்க அதிலேயே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தண்ணீர்ப் பாத்திரத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பொடியை அடியோடு நிறுத்திவிடுவார்கள். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் தன் ஷெப்பர்டு ராக்கியை அழைத்து வந்தபோது அப்படித்தான் நடந்திருந்தது. "வாயெல்லாம் ரத்தம் டாக்டர், நிப்பாட்டிட்டேன்" என்றார், சரியான காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு. எடை போட்டால், ஏறியிருந்த எடை இறங்கியிருந்தது. ராக்கியின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன். கோரைப்பல்லுக்குப் பக்கத்து மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு, ஓரத்தில் வெள்ளை. எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "உலர் தீனி மேலதான் தூவுவேன் சார், உப்பு தூவுற மாதிரி" என்றார்.

ஆனால் வாயில் ரத்தம் என்றதும் நான் பொடியின் மேல் மட்டும் பழிபோடுவதில்லை. நம் ஊரில் ஈறில் ரத்தம் கசிந்தால் உண்ணிக் காய்ச்சலைத் தாண்டித்தான் அடுத்த யோசனை. தட்டணுக்கள் குறைந்த நாய்க்கு அடிவயிற்றில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், மூக்கில் ரத்தம் வரலாம், காய்ச்சலும் சோர்வும் இருக்கும். பொடியால் வந்த புண் ஓரிடத்தில் இருக்கும். சுற்றிலும் ஈறு ரோஜா நிறத்தில் ஆரோக்கியமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவேன். எலி மருந்து தின்றதால் ரத்தம் கசியும் நாய்க்குப் பொடியால் வந்த புண் என்று நினைத்து டீஸ்பூனைக் குறைத்துக்கொண்டிருந்தால் அது செத்துப்போகும்.

கலக்கும் விதம் இதுதான். சாப்பாடு ஈரமாக இருக்க வேண்டும். உலர் தீனி என்றால் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும், கோழிச் சோறு என்றால் குழைவாக இருக்க வேண்டும். கைப்பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியிருக்க வேண்டும். ஆவி பறக்கும் சோற்றில் போட்டால் என்சைம் செத்துவிடும், மிச்சம் பன்றிக் கணையத்தின் வாடை மட்டும்தான். பொடியை மேலே தூவாமல், கரண்டியால் அடிவரை புரட்டிக் கலக்க வேண்டும். பிறகு பதினைந்து இருபது நிமிடம் அப்படியே விட வேண்டும். கெட்டியாக இருந்த சோறு அதற்குள் நெகிழ்ந்து தண்ணீர் விட்டிருக்கும், கறித்துண்டின் மேல்பக்கம் வழவழத்துப் போயிருக்கும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் "கெட்டுப்போச்சு டாக்டர்" என்று போன் செய்வார்கள். கெடவில்லை. மாவு உடைந்திருக்கிறது. பொடி உயிரோடு இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் சான்று அது.

இப்படி ஊறவைத்தால் செரிமானம் கூடுமா என்றால், கூடாது. முன்கூட்டி ஊறவைப்பதால் பலன் அதிகரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அதைப் படித்த இளம் மருத்துவர்கள் சிலர் ஊறவைக்கவே வேண்டாம் என்கிறார்கள். நான் இன்னும் ஊறவைக்கச் சொல்கிறேன், வாய்க்காக. நனைந்து சோற்றில் கலந்துவிட்ட பொடி உதட்டு மடிப்பில் போய் ஒட்டாது. அதே சமயம் நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு மறந்துபோகவும் கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் குடிக்கவிட்டு, ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றிக் கீழுதட்டு மடிப்பை ஒரு தடவை துடைத்தால் போதும். தாடையில் வழிந்த எச்சிலையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே முடி கொட்டித் தோல் புண்ணாகும். ராக்கிக்கு இவ்வளவுதான் செய்தோம். பொடியைக் கொஞ்சம் குறைத்தோம், ஈரச் சோற்றில் கலந்தோம், வாயைத் துடைத்தோம். அடுத்த முறை வந்தபோது உதட்டில் தழும்புகூட இல்லை.

பொடி, கலக்குபவரையும் விடாது. டப்பாவைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பறக்கும் தூசி மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பே வந்துவிடலாம். அவர்கள் வீட்டில் வேறொருவர் கலக்கட்டும். விரலால் பிசைந்தால் விரல் நுனி காந்தும், உரியும். கரண்டி போதும், கையைக் கழுவினால் போதும். இது பன்றியிலிருந்து வருவது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். தொடத் தயங்கும் வீடுகள் உண்டு; அதை மறைத்து எழுதிக்கொடுப்பது மரியாதையில்லை.

அப்படித் தயங்குகிறவர்கள் உடனே கேட்பது செடியிலிருந்து எடுத்த என்சைம். பப்பாளியிலும் பூஞ்சையிலும் எடுத்த மாத்திரை, சிரப் எல்லாம் மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த நோய்க்கு அவற்றை நம்பி நாயைப் பட்டினி போடக்கூடாது. பச்சைக் கணையம் வேலை செய்யும். 10 கிலோ எடைக்கு வேளைக்கு 30 முதல் 90 கிராம் வரை, வேகவைக்காமல். பொட்டலம் பொட்டலமாக உறைய வைத்தால் மாதக்கணக்கில் வீரியம் போகாது. பன்றிக் கணையத்தைப் பச்சையாகக் கொடுக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆஜெஸ்கி என்ற வைரஸ் பன்றியிலிருந்து நாய்க்கு வந்தால் நாய் பிழைக்காது. ஆடு, மாடு என்றால் கசாப்புக் கடையில் நேரில் நின்று வாங்க வேண்டும். கணையம் என்று கேட்டால் பெரும்பாலும் சுவரொட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது மண்ணீரல், கருஞ்சிவப்பாக ஒரே துண்டாக இருக்கும், இந்த நோய்க்கு எந்தப் பயனும் இல்லை. கணையம் வெளிர் ரோஜா நிறம், திராட்சைக் கொத்தை நசுக்கியதுபோல முண்டு முண்டாக, சிறுகுடலின் முதல் வளைவை ஒட்டிக் கிடக்கும்.

"பொடி கொடுத்த பிறகும் லூஸ் மோஷன்" என்பது அடுத்த புகார். இதை உடனே பக்கவிளைவுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அளவு கூடிப்போனால் வயிற்றுவலியும் கழிச்சலும் வரும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. செரிக்காத சோற்றைத் தின்று குடலில் பாக்டீரியா பெருகிக்கிடக்கும். அதற்குச் சில நாய்களுக்கு டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். பி12 வற்றிப்போயிருக்கும். குடல் பி12-ஐ உறிஞ்சத் தேவையான புரதத்தை நாய்க்குப் பெரும்பாலும் கணையம்தான் தயாரிக்கிறது. கணையம் போனால் அதுவும் போயிற்று. பி12 குறைந்த நாய், எத்தனை பொடி போட்டாலும் தேறாது. வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம், அல்லது தினசரி மாத்திரை, இரண்டும் பலன் தரும். சிலவற்றுக்கு இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து சேர்த்தால் லைபேஸ் பிழைத்துக்கொள்கிறது. பக்கவிளைவு என்று நினைத்துப் பொடியைக் குறைத்தால் மலம் குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள் என்பேன். கூடினால், பொடி போதவில்லை என்று அர்த்தம்.

மனிதர்களுக்கான கேப்சூல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மணிகள் அதற்குள் இருக்கும். அவற்றுக்குப் பலன் தெரியும் நாயும் உண்டு, தெரியாத நாயும் உண்டு. வாய்ப்புண் எதற்கும் அடங்காத நாய்க்கு முழுசாக விழுங்கவைத்துப் பார்க்கலாம். மணிகளை நசுக்கிப் போட்டால் பூச்சு போய்விடும், பழைய வாய்ப்புண் கதைதான்.

அளவைக் குறைப்பதற்கு நான் அவசரப்படுவதில்லை. மலம் கெட்டியாகி, எடை ஏறி, சில வாரம் அப்படியே நிலைத்த பிறகு டீஸ்பூனில் கால்வாசி குறைப்பேன். மறுபடி சில வாரம் காத்திருந்து, இன்னொரு கால்வாசி. மலம் பெருத்தால் முந்தைய அளவுக்குத் திரும்பிவிடுவேன். செலவும் இதில் மிச்சமாகிறது. பொடி விலை கொஞ்சநஞ்சமல்ல, ஆயுள் முழுக்க வாங்க வேண்டியது.

நன்றாக இருந்த நாய் திடீரென்று பழையபடி மெலிந்தால், மருந்தை மாற்றும் முன் டப்பாவைக் கொண்டுவரச் சொல்வேன். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவோடு வைத்திருப்பார்கள், அல்லது ஈரக் கரண்டியை விட்டுப் பொடி கட்டி கட்டியாக இருக்கும். புது டப்பா வாங்கி, உலர்ந்த, சூடு படாத இடத்தில் வைத்து, ஒரு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பலர் திரும்பி வருவதில்லை. போனில் எடையை மட்டும் சொல்கிறார்கள்.