வாயில் கொஞ்சம் வெள்ளி

கடைவாய்ப் பல்லுல ரெண்டு வெள்ளி அடைப்பு இருக்கு மக்களே, ஸ்கூல் படிக்கறப்ப வெச்சது. பொண்ணு பாக்கப் போறப்ப சிரிச்சா கருப்பாத் தெரியுமாம், பல் நிறத்துலயே மாத்திடுன்னு அம்மா ஒரே நச்சரிப்பு.

பேருதான் வெள்ளி. அமால்கம்ங்கற இந்தக் கலவையில எடைக்குப் பாதி பாதரசம்; மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரியில இருந்து, ரொம்ப அவசியம்னாலொழிய இதைப் புதுசா வைக்கத் தடை.

அப்ப உடனே தோண்டி எடுத்துடணுமா? அங்கதான் ட்விஸ்ட். நல்லா இருக்கற அடைப்பை நோண்டினா பாதரச ஆவி கிளம்பும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போயிடும். மருத்துவ அவசியம் இல்லாம எடுக்காதீங்கன்னு அமெரிக்க எஃப்டிஏவே 2020ல சொல்லியிருக்கு. ஓடிட்டிருக்கற கோடுல கை வைக்காதேன்னு நம்ம பொட்டி தட்டற ஆளுங்க சொல்ற அதே தத்துவம் :)

டாக்டரம்மா பாத்ததுல, ஒண்ணுல ஓரத்துல விரிசல், அடியில சொத்தை. அதை மட்டும் எடுத்து, பல்லை நல்லாக் காய வெச்சு (ஈரம் இருந்தா ஒட்டாதாம்), காம்போசிட்டை அடுக்கடுக்கா வெச்சு, நீல வெளிச்சம் காட்டி இறுக வெச்சாங்க. இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாச்சு.

அழகுக்காக நல்ல பல்லைச் செதுக்க எனக்கு மனசு வரல. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?